பளுவும் வயதும்

ஒருவன் எவ்வளவு தூக்கினான் என்று கேட்போர் பலர். எத்தனை ஆண்டு தூக்கினான் என்று கேட்போர் மிகச் சிலர். பளுதூக்குதலைப் பற்றி நம்மவரிடையே வழங்கும் பேச்செல்லாம் பெரும்பாலும் முதலாவது கேள்வியோடு முடிந்துவிடுகின்றது. இரண்டாவது கேள்வியே முதன்மையானது என்பது நமது கருத்து. அக்கருத்தை ஒலிம்பிக் மேடையில் நின்றோர் சிலரின் வரலாற்றைக் கொண்டு பழைய மாணவர்க்கும், இன்று பயிலும் மாணவர்க்கும், அவரைப் பயிற்றும் ஆசிரியர்க்கும் எடுத்துரைக்க விழைகின்றோம். யூபிலி மலரிலே கல்லூரியின் பழம்பெருமை பேசும் கட்டுரைகள் பல இடம்பெறும். இஃதொன்று சற்றே புறம்பான பொருளைப் பேசுவதை அன்பர்கள் பொறுத்தருள்வாராக.

விளையாட்டின் இயல்பை அறியாதார் பொருட்டுச் சில சொற்கள். இன்று போட்டியில் இருவகைத் தூக்கல்களே உள. இரும்புத் தண்டைத் தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்குமேல் உயர்த்தி நிறுத்துவது ஸ்னாட்ச். முதலில் தோள் மட்டத்துக்குக் கொணர்ந்து, பின்னர் அங்கிருந்து தலைக்குமேல் செலுத்துவது கிளீன் அன்ட் ஜேர்க். ஒவ்வொன்றிலும் மும்முறை முயலலாம். மூன்றும் தவறின் மொத்தம் என ஒன்று இல்லை. வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். 1972 வரை பிரெஸ் என்னும் மூன்றாவது தூக்கலும் இருந்தது. நிமிர்ந்து நின்று கைவலிமையால் உயர்த்தவேண்டிய அதனை, வீரர் வில்லெனப் பின்புறம் வளைந்து உயர்த்தத் தலைப்பட்டனர். நடுவர்க்குத் தீர்ப்பளித்தல் அரிதாயிற்று. முதுகுக்கும் கேடு என்றனர். மியூனிக் ஒலிம்பிக்கோடு அது நீக்கப்பட்டது.

இனி, நெடுநாள் நின்றோரைப் பார்ப்போம். அமெரிக்காவின் டெட்ராயிட் நகரத்தவரான நோர்பேட் ஷெமான்ஸ்கி 1924 இல் பிறந்தவர். 1948 இல் லண்டனில் வெள்ளியும், 1952 இல் ஹெல்சிங்கியில் 445 கிலோ தூக்கித் தங்கமும் பெற்றார். 1956 இல் முதுகு நோயினாற் போட்டிக்குச் செல்லவில்லை. முதுகில் இருமுறை சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. அத்தகைய ஒருவர் இனிப் பளுவைத் தொடமாட்டார் என்றே எவரும் எண்ணுவர். அவரோ 1960 இல் றோமில் 500 கிலோ தூக்கி வெண்கலம் பெற்றார். 1964 இல், நாற்பதாவது வயதில், டோக்கியோவில் 537.5 கிலோ தூக்கி மீண்டும் வெண்கலம் பெற்றார். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1960 இல் சோவியத் வீரர் யூரி விளாசோவ் உலகமே வியக்கத் தங்கம் வென்ற மொத்தமும் அதே 537.5 கிலோதான். உலகின் முதல்வரான ஓர் இளைஞர் நாலாண்டுக்கு முன் எய்திய உச்சத்தை, முதுகில் இருமுறை கத்திபட்ட ஒருவர் நாற்பதில் எய்தினார். பளுதூக்குதலில் நான்கு ஒலிம்பிக் பதக்கங்கள் பெற்ற முதல் மனிதர் அவரே. அரசு நடத்திய முகாமோ, அரசு தந்த ஊதியமோ அவருக்கு இருந்ததில்லை. பிழைப்புக்கு வேலையும், வேலைக்குப் பின் பயிற்சியுமாகவே அவர் காலம் கழிந்தது.

அவர் நாட்டவரான டொமி கோனோவை இங்கு நினையாதிருத்தல் இயலாது. யப்பானிய வழியினர் என்பதற்காக யுத்தகாலத்தில் குடும்பத்தோடு தூலி லேக் முகாமில் அடைக்கப்பட்ட, ஆஸ்துமாவினால் வாடிய சிறுவன் அவர். பளுவை முதன்முதல் அங்கேதான் தொட்டார். 1952 இலும் 1956 இலும் ஒலிம்பிக் தங்கம், 1960 இல் வெள்ளி. நான்கு வெவ்வேறு எடைப் பிரிவுகளில் உலக சாதனை. பின்னர் மெக்சிக்கோ, மேற்கு ஜேர்மனி, அமெரிக்கா ஆகிய மூன்று நாட்டு அணிகளுக்குப் பயிற்றுநராகவும் விளங்கினார்.

பொறுமைக்கு ஓர் உருவம் வேண்டுமெனின் ஹங்கேரி நாட்டு இம்ரே ஃபெல்டியைக் காட்டலாம். தட்டபான்யா என்னும் சுரங்க நகரத்துக் கழகத்தைச் சேர்ந்த அவர் 1960 முதல் 1976 வரை ஐந்து ஒலிம்பிக்குகளில் மேடையேறினார். முதற் போட்டியில் ஆறாமிடம். 1964 இல் சோவியத் வீரர் அலெக்சி வாகோனினிடம் 2.5 கிலோ வேறுபாட்டில் தோற்று வெள்ளி. 1968 இல் அவரும் ஈரான் வீரர் முகம்மது நசிரியும் ஒரே மொத்தமாக 367.5 கிலோ தூக்கினர். நசிரியின் உடல் எடை குறைவு என்பதனால் தங்கம் அவருக்குச் சென்றது. இருமுறை கைக்கெட்டியது வாய்க்கெட்டாது போயிற்று. நம்மில் எத்தனை பேர் அதன்பின் மறுநாட் பயிற்சிக்குச் சென்றிருப்போம்? ஃபெல்டி சென்றார். 1972 இல், முப்பத்து நான்கு வயதில், 377.5 கிலோ தூக்கி அதே நசிரியை வென்று தங்கம் பெற்றார். அத்தோடும் நில்லாது, முப்பத்தெட்டு வயதில் மொன்றியலில் ஐந்தாமிடம் எய்தினார்.

ஃபெல்டியை 1964 இல் வென்ற வாகோனினைப் பயிற்றியவர் யார்? அதே போட்டியில் தாமும் ஒரு வீரராக மேடையேறி, வேறோர் எடைப் பிரிவில் 475 கிலோ தூக்கித் தங்கம் வென்ற றுடோல்ஃப் புளுக்ஃபெல்டர். மாணவனும் ஆசானும் ஒரே ஒலிம்பிக்கில் தங்கம் பெறுதல் எக்காலத்தும் அரிது. ஆசானுக்கு அப்போது வயது முப்பத்தாறு. ஜேர்மானிய வழியினராதலின் யுத்தகாலத்தில் குடும்பத்தோடு சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டு, இளமையிலேயே சுரங்கத்தில் உழைத்தவர் அவர். ஒலிம்பிக் பளுதூக்குதலில் தங்கம் வென்றோருள் வயதில் மூத்தவர் என்னும் பெருமை ஐம்பத்தாறு ஆண்டுகளுக்கும் மேலாக அவருக்கே உரியதாயிருந்தது.

புளுக்ஃபெல்டர் பயிற்சி நடத்திய ஊர் ஷாக்தி. நம் செவிக்குச் சக்தி என ஒலிக்கும் அப்பெயருக்கு அவர் மொழியிற் சுரங்கங்கள் என்பதே பொருள். டேவிட் றிகேட் என்னும் பெருவீரரும் அங்கேதான் உருவானார். வசிலி அலெக்சேயெவும் அங்கே சிறிது காலம் பயின்று, முதுகு நோயுற்று, பின்னர் பிரிந்து, தமக்குத் தாமே பயிற்றுநரானார். அந்த அலெக்சேயெவ் 1970 முதல் 1977 வரை எண்பது உலக சாதனைகளை நிலைநாட்டினார் என்பதை உலகம் அறியும். உச்ச எடையை நாளும் நாடாமல் நடுத்தர எடைகளைப் பலமுறை தூக்குவதும், நீச்சற் குளத்தினுள் இறங்கிப் பளுவோடு பயில்வதும் அவர் கையாண்ட முறைகள். சாதனைகளை அரைக்கிலோ அரைக்கிலோவாக உயர்த்தியதற்கு, ஒவ்வொரு சாதனைக்கும் கிடைத்த பரிசுப்பணமும் ஒரு காரணம் என்பர். காரணம் எதுவாயினும், அரைக்கிலோவாக ஏறுபவன் விழுவது குறைவு. ஆயினும் அவரும் விழுந்தார். 1978 இல் காயமுற்று, ஏறத்தாழ ஈராண்டு போட்டியின்றி இருந்து, 1980 இல் மொஸ்கோவில் 180 கிலோ ஸ்னாட்சை மும்முறையும் தவறவிட்டு வெளியேறினார். சொந்த நாட்டு மக்களே கேலிக் குரல் எழுப்பினர் என்பது அந்நாளின் மிகவும் வருந்தத்தக்க பகுதி.

சோவியத் பயிற்சி முறைக்கு அறிவியல் வடிவம் தந்தோருள் ஆர்காடி வொரொபியோவ் முதன்மையானவர். 1956 இலும் 1960 இலும் ஒலிம்பிக் தங்கம் வென்ற அவர் ஒரு மருத்துவர். முப்பத்தைந்தாவது வயதில் இரண்டாவது தங்கம் பெற்ற அவருடைய சொந்த உடலே அவர் கொள்கைக்குச் சான்றாயிற்று. ஒரு திங்களில் எத்தனை முறை தூக்கவேண்டும், அவற்றுள் எத்தனை உச்ச எடையின் எத்தனை வீதத்தில் அமையவேண்டும் என்றெல்லாம் சோவியத் பயிற்றுநர் கணக்கிட்டுக் குறித்தனர். கடினமான வாரத்தைத் தொடர்ந்து இலகுவான வாரம் வரும். உச்சத்துக்கு அண்மிய எடைகள் அளவோடு வரும். பயிற்சியின் பெரும்பகுதி, வீரன் நன்றாகக் கையாளக்கூடிய எடையிலேயே நிகழும். பளுவை ஒரே சீராக ஏற்றிச் செல்லாது, ஏற்றியும் இறக்கியும் மாற்றிக்கொண்டிருப்பதே உடலை வளர்க்கும் என்பது வொரொபியோவின் துணிபு. கமக்காரன் தன் நிலத்தை நடத்தும் முறையும் ஏறத்தாழ இதுவே.

இதற்கு நேர்மாறானது பல்கேரியா வகுத்த வழி. 1957 இல் தெஹ்ரானில் உலகப் போட்டியில் வெள்ளி வென்ற இவான் அபஜியெவ், 1960களின் இறுதியில் அந்நாட்டு அணியின் பொறுப்பை ஏற்றார். பயிற்சி வகைகளை ஒரு கைவிரல்களில் எண்ணத்தக்க அளவுக்குக் குறைத்தார். ஸ்னாட்ச், கிளீன் அன்ட் ஜேர்க், பளுவைத் தோளில் தாங்கிக் குந்தி எழுதல். இவற்றோடு ஏறத்தாழ முடிந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும், ஒரு நாளிற் பலமுறை, அன்றைக்கு இயன்ற உச்ச எடை வரை ஏறவேண்டும். அரைமணி முக்கால்மணி பயிற்சி, சிறிது ஓய்வு, மீண்டும் பயிற்சி என்று முகாமிலே காலை தொடங்கி மாலை வரை செல்லும். இலகுவான வாரம் என்ற பேச்சே பெரும்பாலும் இல்லை. உடலானது தான் எதிர்கொள்ளும் பளுவுக்கே தன்னை அமைத்துக்கொள்ளும். ஆகவே உச்சம் வேண்டுமாயின் உச்சத்தையே அதற்குக் காட்டவேண்டும் என்பது அவர் வாதம். வாதத்தில் வன்மை இல்லாமல் இல்லை. 1972 இல் மியூனிக்கில் அச்சிறு நாடு மூன்று தங்கமும் மூன்று வெள்ளியும் வென்று, மாபெரும் சோவியத் அணியையே பின்தள்ளியது.

அம்முறையின் மணிமகுடம் நயீம் சுலைமானொக்லு. பல்கேரியாவிலே துருக்கிய இனத்திற் பிறந்து, பதினைந்து பதினாறு வயதிலேயே உலக சாதனை படைத்து, தம் பெயரையே மாற்றச் சொன்ன அரசின் கொடுமை தாங்காது 1986 இல் மெல்பேணில் வைத்துத் துருக்கியிடம் அடைக்கலம் புகுந்தவர். 1988 இல் சியோலில், 60 கிலோ பிரிவில், 190 கிலோவைத் தலைக்குமேல் நிறுத்தினார். அது அவர் உடல் எடையின் மும்மடங்குக்கும் மேல். 1992 இலும் 1996 இலும் மீண்டும் தங்கம். இத்தகைய ஒருவர் இருக்க, பல்கேரிய முறை வீரரை விரைவில் தேய்க்கும் என்பது எங்ஙனம் பொருந்தும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. நமது விடை இதுதான்: நாம் நயீமைக் காண்கிறோம்; நயீமோடு அதே முகாமுக்கு வந்து, முழங்கால் வீங்கி, முதுகு பிடித்து, ஓராண்டில் ஊர் திரும்பிய இளைஞரின் பெயரை எந்த நூலும் நமக்குச் சொல்வதில்லை. வடிகட்டியில் தங்கியதைப் பார்த்து வடிகட்டியைப் புகழ்கின்றோம். நயீமுங்கூட இருபத்திரண்டு வயதில் ஒருமுறை ஓய்வு பெற்றுத் திரும்பியவரே. 2000 இல் சிட்னியில் 145 கிலோ ஸ்னாட்சை மும்முறையும் தவறவிட்டார். 2017 இல், ஐம்பதாவது வயதிற் காலமானார். அம்மரணத்தைப் பயிற்சியின் தலையிற் சுமத்துவது நம் எண்ணமன்று. அதற்கு ஈரல் நோய் முதலிய வேறு காரணங்கள் இருந்தன.

தசை விரைவில் வலுப்பெறும். தசையை எலும்போடு பிணைக்கும் நாண்களும் மூட்டுக்களிலுள்ள குருத்தெலும்பும் இரத்தவோட்டம் குறைந்தவையாதலின் மெல்லவே வலுப்பெறும். ஆறு மாதத்தில் இளைஞனின் தொடை தாங்கும் பளுவை அவன் முழங்கால் நாண் தாங்க ஆண்டுகள் செல்லலாம். முழங்கால், இடுப்புக்கு மேலுள்ள முதுகு, தோள் ஆகிய மூன்றுமே பளுதூக்குவோர்க்கு மிகுதியாக நோவன. வயது ஏறுமிடத்து முதலிற் குறைவது வலிமையன்று, விரைவே. பயிற்சிக்குப்பின் உடல் தேறும் காலமும் நீள்கின்றது. எனவேதான் முப்பது கடந்தும் நின்றவர்கள் பயிற்சியைக் கூட்டியவர்களாக அல்லாமல், எதை விடுவது என்று அறிந்தவர்களாகக் காணப்படுகின்றனர். கிரேக்க வீரர் பிறோஸ் டிமாஸ் மூன்று தங்கங்களுக்குப் பின், அறுவைபட்ட முழங்காலோடு 2004 இல் ஏதென்சில் வெண்கலம் பெற்று, தம் காலணிகளைக் கழற்றி மேடையிலேயே விட்டுச் சென்றார். எப்போது நிறுத்துவது என்பதும் ஒரு பயிற்சிதான் போலும்.

ஒரு கசப்பான செய்தியையும் மறைத்தல் தகாது. இவ்விளையாட்டின் மேல் ஊக்கமருந்தின் நிழல் நீண்டு படிந்துள்ளது. 1988 இல் சியோலில் இரு பல்கேரியரின் தங்கங்கள் பறிக்கப்பட, எஞ்சிய அணியும் போட்டியினின்று விலகியது. 2000 இல் மேலும் மூவர். 2016 இல் அந்நாட்டுப் பளுதூக்கும் அணிக்கு ஒலிம்பிக்கே தடுக்கப்பட்டது. பல்கேரியாவை மட்டும் பழிப்பது நீதியன்று. 2012 இல் லண்டனில் 94 கிலோ பிரிவில் முதலில் வந்தோர் பலர், சேமித்துவைத்த மாதிரிகளை மீண்டும் சோதித்தபோது நீக்கப்பட்டனர். ஐந்தாவதாக வந்தவருக்குத் தங்கமும், ஒன்பதாவதாக வந்தவருக்கு வெண்கலமும் கிடைத்தன. அந்த ஒன்பதாமவரும் 2016 இல் றியோவிற் சோதனையில் அகப்பட்டார் என்பது கேட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாத செய்தி. சீன வீரர் லூ சியாவ்சுன் டோக்கியோவில் 2021 இல், முப்பத்தேழாவது வயதில், 374 கிலோ தூக்கிப் புளுக்ஃபெல்டரின் வயதுச் சாதனையைக் கடந்தபோது நாமும் மகிழ்ந்தோம். அடுத்த ஆண்டின் இறுதியிலே தடைசெய்யப்பட்ட மருந்து அவர் மாதிரியிற் காணப்பட்டதாகக் கூறித் தற்காலிகத் தடை விதிக்கப்பட்டது. நாளும் உச்சத்தைக் கோரும் பயிற்சிக்கும் மருந்துக்கும் உள்ள உறவு தற்செயலானதன்று. மனித உடல் ஓரிரவில் தேற இயலாத களைப்பை ஓரிரவில் தேற்றவேண்டுமெனப் பயிற்றுநர் பணித்தால், அந்த வேலையைச் செய்ய வேறொன்று தேடப்படும்.

அதே டோக்கியோவில் நம் மனத்தை நிறைத்தவர் பிலிப்பைன்ஸ் நாட்டு ஹிடிலின் டியாஸ். 2008 இல் பதினேழு வயதுச் சிறுமியாக ஒலிம்பிக் மேடை ஏறினார். 2012 இல் கிளீன் அன்ட் ஜேர்க் கைகூடாது மொத்தமின்றித் திரும்பினார். 2016 இல் வெள்ளி. 2021 இல், முப்பதாவது வயதில், 224 கிலோ தூக்கித் தம் நாட்டுக்கு முதலாவது ஒலிம்பிக் தங்கத்தை ஈட்டினார். கொள்ளைநோய்க் காலத்தில் மலேசியாவில் அகப்பட்டுக்கொண்டபோது மூங்கிற் கழியில் நீர்ப் போத்தல்களைக் கட்டித் தூக்கிப் பயின்றார். பதின்மூன்று ஆண்டு காத்திருந்த ஓர் உடலுக்குச் சில திங்கள் மூங்கிலும் தண்ணீரும் போதுமாயிருந்தன.

இவற்றை ஏன் ஒரு கல்லூரி மலரில் எழுதுகின்றோம்? நம் பாடசாலைகளிலே பயிற்றுநரின் திறமை பதக்கத்தால் அளக்கப்படுகின்றது. மாகாணப் போட்டிக்கு ஆறு வாரம் இருக்கையில் பதினாறு வயதுப் பையனை அழைத்து, நாள்தோறும் அவன் உச்சத்தைச் சோதித்து, ஒரு பதக்கத்தை வாங்கிவிடுதல் கடினமன்று. மறு ஆண்டு அவன் முழங்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு மைதானத்தின் ஓரத்தில் நிற்பதையும் நாம் கண்டிருக்கின்றோம். பளுதூக்குவோனிடம் மட்டுமன்று, ஓடுவோனிடமும் பந்தெறிவோனிடமும் கண்டிருக்கின்றோம். இளைஞர் பளுவைத் தொடவே கூடாது என்போர் கூற்று நமக்கு உடன்பாடன்று. நல்லாசிரியரின் கண்காணிப்பில், முதலில் வெறுங் கழியைக் கொண்டு முறையைக் கற்று, பின்னர் சிறிது சிறிதாக ஏற்றுபவனுக்குப் பளு பகையன்று. பகையாவது அவசரமே. பயிலும் ஒவ்வொருவனும் குறிப்புப் புத்தகம் ஒன்றை வைத்து, அன்று தூக்கிய எடையையும், தூங்கிய நேரத்தையும், நொந்த இடத்தையும் எழுதிவருதல் வேண்டும். நொந்த இடத்தை எழுதாத புத்தகத்தால் அரைப்பயனே உண்டு. பாடசாலைப் பருவத்தில் உச்ச எடை போட்டி மேடைக்கு மட்டும் உரியதாக இருக்கட்டும்.

பரிசளிப்பு விழாவிலே அதிபர் அவர்கள் வாசிக்கும் ஆண்டறிக்கையில், அவ்வாண்டு பதக்கம் வென்றோரின் பெயர்கள் ஒழுங்காக இடம்பெறுகின்றன. அதன் கீழே, ஐந்தாண்டுகளுக்கு முன் பதக்கம் வென்றோருள் இன்றும் மைதானத்தில் நிற்போர் எத்தனை பேர் என்னும் ஒரு வரியையும் சேர்க்குமாறு பழைய மாணவர் சங்கத்தின் சார்பில் வேண்டிக்கொள்கின்றோம். அந்தக் கணக்கைத் திரட்டும் பொறுப்பைச் சங்கமே ஏற்றுக்கொள்ளலாம். பெயர்களும் முகவரிகளும் நம்மிடம் இருக்கின்றன.